ஆறுதல் என்னும் சொல்: துயர்க்காலத்தில் உள்ளம் அமைதி பெறும் வழி

துன்பம் வந்துற்ற காலத்தில் உள்ளம் எவ்வாறு அமைதி பெறுகிறது என்னும் வினா மிகப் பழையது. சமயங்கள் அனைத்தும் அதற்கு விடை கூற முயன்றுள்ளன. இவ்வுரையில் நாம் அவ்வினாவை நம் மொழியின் வழியே அணுக விழைகிறோம். துயரத்தையும் அதன் தணிவையும் குறிக்கத் தமிழர் எச்சொற்களை வழங்கினர், அச்சொற்களுக்குப் பின்னே எத்தகைய வாழ்வியல் அறிவு உள்ளது, அவ்வறிவு இன்று சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வாழும் நமக்கு எவ்வாறு துணைநிற்கும் என்பனவே இங்கு ஆராயப்படும் பொருள்கள். ஏட்டில் தொடங்காமல், நாம் அனைவரும் கடந்து வந்த ஓர் ஆண்டிலிருந்து தொடங்குவோம்.

கடற்பாலத்தின் இரு கரைகள்

2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை சிங்கப்பூரில் கிருமிப்பரவலை முறியடிக்கும் நடவடிக்கைகள் நடப்பில் இருந்தன. இறந்தவர் வீட்டில் ஒரே நேரத்தில் பத்துப் பேருக்கு மேல் கூடுதல் ஆகாது என்பது அக்காலத்தில் இங்கிருந்த விதி. உயிர்களைக் காக்க வகுக்கப்பட்ட விதி அது. அதன் தேவையை யாரும் மறுக்க இயலாது. ஆயினும் அதனால் துக்கம் விசாரிக்க ஆளின்றிப் பல வீடுகள் தனித்து நின்றன.

எமக்கு நன்கு அறிமுகமான அன்பர் ஒருவர் சிங்கப்பூரில் உட்லண்ட்ஸ் வட்டாரத்தில் தங்கிப் பணிபுரிந்து வந்தார். அவருடைய தாயார் ஜொகூர் பாருவில் வாழ்ந்தார். இரண்டு ஊர்களுக்கும் இடையே உள்ள கடற்பாலத்தின் நீளம் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர். அவ்வாண்டு மே மாதத்தில் தாயார் காலமானார். அனுமதி பெற்று, தனிமைப்படுத்தும் நாள்களையும் கழித்துச் சென்று சேர்வதற்குள் எரியூட்டல் முடிந்துவிடும் என்னும் நிலை. மூத்த மகனாகிய அவர் தம் தாயின் இறுதிச் சடங்கைக் கைப்பேசித் திரையில் கண்டார். கொள்ளி வைத்தவர் தம்பி.

அன்று அவருக்கு வந்த செய்திகள் பல. “அழாதீர்கள்”, “மனத்தைத் திடப்படுத்திக் கொள்ளுங்கள்”, “பிறந்தவர் இறப்பது இயற்கை” என்றே பெரும்பாலோர் எழுதியிருந்தனர். எழுதியோர் அனைவரும் நல்லெண்ணத்தோடுதான் எழுதினர். ஆயினும் பின்னாளில் அவர் எம்மிடம் கூறியது இது: “அச்சொற்கள் யாவும் உண்மை. ஆனால் அவற்றை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.”

‘என்ன செய்வது’ என்னும் அவ்வினாவே இவ்வுரைக்கு வித்து.

கையற்ற நிலை

துயரின் தொடக்கத்தில் மாந்தர் உணர்வது இதுவே என்பதைப் பண்டைத் தமிழ்ப் புலவர் அறிந்திருந்தனர். இறந்தவரை எண்ணி இரங்கிப் பாடும் பாடல்களுக்கு அவர்கள் வழங்கிய துறைப்பெயர் ‘கையறுநிலை’ என்பதாகும். கை அற்ற நிலை, அதாவது செய்வது யாதென அறியாது, செயல் ஓய்ந்து நிற்கும் நிலை. துன்பத்தின் அளவைக் கூறாமல், துன்பம் மனிதனை என்ன செய்துவிடுகிறது என்பதைக் கூறும் பெயர் இது.

புறநானூற்றின் நானூறு பாடல்களில் கையறுநிலைப் பாடல்கள் பல உள்ளன. கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்து உயிர்நீத்த பின் உறையூருக்குத் திரும்பிய பொத்தியார் பாடிய பாடல் ஒன்று (220). பல்லாண்டுகள் சோறூட்டி வளர்த்த யானையை இழந்த பாகன், அது கட்டப்பட்டிருந்த தறி வெறுமையாய் நிற்பதைக் கண்டு அழுததைப் போல, மன்னன் இல்லாத ஊர்மன்றத்தைக் கண்டு தாமும் அழுததாக அவர் கூறுகிறார். இறந்தவர் அமர்ந்த நாற்காலியையும், அவர் அருந்திய குவளையையும் காணுந்தோறும் நெஞ்சம் கலங்குவோர்க்கு அப்பாகனின் நிலை நன்கு விளங்கும்.

மற்றொரு பாடல் சேரமான் கோட்டம்பலத்துத் துஞ்சிய மாக்கோதை தன் மனைவி இறந்தபோது பாடியது (245). அவளைச் சிதையில் கிடத்தி எரியூட்டிய பின்னும் தான் உயிரோடு இருப்பதை அம்மன்னன் வியக்கிறான். என் துயரம் எவ்வளவு பெரிதாயினும் என்ன, என் உயிரைப் போக்கும் வலிமை அதற்கு இல்லையே என்று நொந்துகொள்கிறான். துணைவரை இழந்து தாம் மட்டும் உண்பதும் உறங்குவதும் குற்றம் என்று கருதி வருந்துவோர் இன்றும் உளர். அவ்வுணர்வு தமக்கு மட்டும் உரியதன்று, அரசன் ஒருவனும் அதனை வெளிப்படையாகக் கூறியுள்ளான் என்று அறிவதே அவர்களுக்கு ஒரு துணையாகும்.

தொல்காப்பியத்தின் பொருளதிகாரம், மெய்ப்பாட்டியலில் எண்வகை மெய்ப்பாடுகளை வகுக்கும்போது நகைக்கு அடுத்ததாக அழுகையை வைக்கிறது. அழுகை பிறக்கும் நிலைக்களன்களாக இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கினைக் கூறுகிறது. இழிவுபடுத்தப்படுதல், உற்றாரையோ உடைமையையோ இழத்தல், முன்னைய நிலையிலிருந்து தளர்தல், பொருளின்மை ஆகியவை அவை. வீரத்தோடு தொடர்புடைய பெருமிதம் எவ்வாறு ஒரு மெய்ப்பாடோ அவ்வாறே அழுகையும் ஒரு மெய்ப்பாடு. அழுகை அந்நூலில் நோயாகவோ குறையாகவோ எண்ணப்படவில்லை என்பது நாம் கருதத் தக்கது.

எனவே, துயருற்றவரை நோக்கி ‘அழாதே’ என்று கூறுவது தமிழ் மரபின் முதற்சொல் ஆகாது. அழுகைக்கு இடம் தந்த பிறகே மரபு அடுத்த படியைக் காட்டுகிறது.

ஆறுதல், ஆற்றுதல், ஆற்றுவித்தல்

அந்த அடுத்த படிக்குத் தமிழர் இட்ட பெயர் ‘ஆறுதல்’. நாள்தோறும் வழங்கும் சொல்லாதலின் அதன் பொருளை நாம் ஊன்றி நோக்குவதில்லை. கொதித்த பால் ஆறுகிறது. பட்ட புண் ஆறுகிறது. நொந்த மனமும் ஆறுகிறது. மூன்றுக்கும் ஒரே வினை. பாலை ஊதலாம், குவளை மாற்றி ஊற்றலாம். ஆயினும் அது ஆறுவதற்கு உரிய நேரம் ஆகவே செய்யும். புண்ணுக்கு மருந்திடலாம், தோல் கூடுவதை விரைவுபடுத்த நம் கட்டளைக்கு ஆற்றல் இல்லை. ‘துயரத்தை வெல்க’ என்றோ ‘துயரத்தை விரட்டுக’ என்றோ கூறாமல் ‘ஆறுதல்’ என்று கூறிய மொழி, காலத்தின் பங்கினை முதலிலேயே ஏற்றுக்கொண்டுவிட்டது.

இதனோடு இணைந்து நிற்கும் மற்றொரு சொல் ‘ஆற்றுதல்’. சூட்டைத் தணித்தல் என்பது அதன் ஒரு பொருள். பொறுத்துக்கொள்ளுதல் என்பது மற்றொன்று. பசியை ஆற்றுதல் என்னும் வழக்கில் தணித்தலும், துன்பத்தை ஆற்றியிருத்தல் என்னும் வழக்கில் பொறுத்தலும் விளங்குகின்றன. செய்தல் என்பது மூன்றாம் பொருள். பணியாற்றுதல், உரையாற்றுதல், கடனாற்றுதல் என்கிறோம். இவை யாவும் ஒரே வேரினின்று கிளைத்தவையா, வெவ்வேறு வேர்களினின்று வந்து ஒரு வடிவில் கூடியவையா என்பதைச் சொற்பிறப்பு ஆய்வாளரிடம் விட்டுவிடுவோம். வழக்கில் தணித்தலும் பொறுத்தலும் செய்தலும் ஒரே சொல்லில் உறைகின்றன என்பது நமக்குப் போதும். கையற்று நின்றவன் மீண்டும் கையால் ஒன்றைச் செய்யத் தொடங்குவதும் ‘ஆற்றுதல்’. அவன் துயர் தணிவதும் ‘ஆற்றுதல்’.

மூன்றாவது சொல் ‘ஆற்றுவித்தல்’. அகப்பாடல்களில் தலைவன் பிரிந்த காலத்தில் தலைவி ஆற்றாமையால் வாடுகிறாள். அவளை ஆற்றுவிப்பது தோழியின் கடமை. ஆற்றாள் என்று கவலையுறும் தோழியும், ஆற்றுவேன் என்று மறுமொழி கூறும் தலைவியும் குறுந்தொகைப் பாடல்களின் கூற்றுக் குறிப்புகளில் அடிக்கடி இடம்பெறுகின்றனர். தோழி துன்பத்தை நீக்கிவிடுவதில்லை. பிரிந்தவனை அவளால் உடனே கொண்டுவர இயலாது. உடனிருக்கிறாள், கேட்கிறாள், பேசுகிறாள். ஒருவர் தாமே ஆற்றிக்கொள்ள இயலாதபோது மற்றொருவர் ஆற்றுவிக்க வேண்டும் என்பதை நம் மொழியின் பிறவினை வடிவமே உணர்த்துகிறது.

ஆகவே, துயர்க்காலத்தில் அமைதி பெறுதற்குக் காலம், செயல், துணை ஆகிய மூன்றும் வேண்டும் என்பதே இச்சொற்களின் வழி நாம் பெறும் கருத்து. இனி, இம்மூன்றனுள் ஆன்மிகச் சிந்தனையின் இடம் யாது என்பதைக் காண்போம்.

நிலையாமையைச் சிந்திக்கும் முறை

உலகியல் நிலையற்றது என்னும் சிந்தனை தமிழில் தொன்று தொட்டு வருவது. கணியன் பூங்குன்றனாரின் புறப்பாடலை (192) உலக ஒருமைப்பாட்டுக்குச் சான்றாக நாம் மேடைதோறும் எடுத்துக்காட்டுகிறோம். ஆயினும் அப்பாடலின் பெரும்பகுதி வாழ்வையும் சாவையும் பற்றியது. பேரியாற்று நீரில் செல்லும் மிதவையைப் போல உயிர் முறைவழியே செல்லும் என்பதை உணர்ந்தவர், வாழ்வு இனிதென்று மகிழ்ந்து துள்ளுவதும் இல்லை, வெறுப்பு வந்தபோது அது கொடிதென்று ஒதுக்குவதும் இல்லை என்பது அதன் கருத்து. அவ்வுணர்வின் பயன், பெரியோரைக் கண்டு வியந்து மயங்காமலும் சிறியோரை இகழாமலும் வாழ்தல் என்று பாடல் முடிகிறது. நிலையாமையை உணர்ந்தவன் மக்களிடமிருந்து விலகாமல், அவர்களிடம் நடந்துகொள்ளும் முறையைத் திருத்திக்கொள்கிறான்.

பக்குடுக்கை நன்கணியாரின் பாடல் (194) இன்னும் கடுமையானது. ஒரு வீட்டில் சாப்பறை ஒலிக்க, மற்றொரு வீட்டில் மணமுழவு ஒலிக்கிறது; ஒருத்தி பூச்சூட, மற்றொருத்தியின் கண் நீர் சொரிகிறது. இவ்வாறு உலகைப் படைத்தவன் பண்பில்லாதவன் என்று அப்புலவர் வெளிப்படையாகக் குறைகூறுகிறார். அதன் பின்னரே, இவ்வுலகின் இயல்பு அறிந்தோர் அதனுள் இனியதைக் காண்க என்று முடிக்கிறார். இறைவனை நொந்துகொள்ளுதல் நம்பிக்கையின்மை என்று அஞ்சுவோர் இதனை எண்ணிப் பார்க்கலாம். குறைகூறிய வாயே இனிமையைக் காணவும் சொல்கிறது. முதலாவது கூறப்பட்டிராவிடில் இரண்டாவது வெற்றுரையாகப் போயிருக்கும்.

திருக்குறளின் அதிகார அடைவும் ஒரு செய்தியைத் தருகிறது. ‘நிலையாமை’ 34ஆம் அதிகாரம், துறவறவியலில் உள்ளது. துன்பத்தில் கலங்காமை பற்றிய ‘இடுக்கண் அழியாமை’ 63ஆம் அதிகாரம். அது பொருட்பாலில், முயற்சியைப் பற்றிய ‘ஆள்வினை உடைமை’யை அடுத்து வருகிறது. இடுக்கண் வருங்கால் நகைக்க வேண்டும் என்று வள்ளுவர் கூறுவதை இறப்பு வீட்டில் எடுத்துரைப்போர் உண்டு. அவ்வதிகாரத்தில் அவர் காட்டும் உவமை, தடைப்படும் இடந்தோறும் விடாது வண்டியை இழுத்துச் செல்லும் எருது. மேற்கொண்ட செயலில் வரும் இடர்கண்டு தளராமையே அங்குப் பேசப்படுவது. தாயை இழந்தவர் அழுவதைத் தடுக்க அக்குறளை ஆளுதல், அதன் இடம் அறியாது ஆளுதலாகும்.

இவற்றிலிருந்து நாம் ஒரு நெறியை வகுத்துக்கொள்ளலாம். நிலையாமைச் சிந்தனை ஒருவர் தமக்குத் தாமே எடுத்துக்கொள்ள வேண்டிய மருந்து. நலமாக இருக்கும் நாளிலேயே அதனை உட்கொண்டு பழகியிருப்பவருக்குத் துயர்க்காலத்தில் அது கைகொடுக்கும். துயருற்றவரின் எதிரே நின்று முதல்நாளிலேயே அதனைப் புகட்ட முயன்றால், ‘உன் இழப்பு பெரிதன்று’ என்று கூறியதாகவே அவர் செவிக்குக் கேட்கும்.

திலகவதியார் கண்ட வழி

காலம், செயல், துணை என்னும் மூன்றும் ஒருங்கே அமைந்த ஒரு வாழ்வைச் சேக்கிழார் தம் பெரியபுராணத்தில் காட்டுகிறார். அது திருநாவுக்கரசரின் தமக்கையாராகிய திலகவதியாரின் வாழ்வு.

திருவாமூரில் புகழனாருக்கும் மாதினியாருக்கும் மகளாகப் பிறந்தவர் அவர். படைத்தலைவராகிய கலிப்பகையாருக்கு அவரை மணம் செய்து கொடுப்பதென உறுதி செய்யப்பட்டது. கலிப்பகையார் போர்மேற் சென்றார். அந்நிலையில் தந்தை நோயுற்று இறந்தார். தாயும் உடன் உயிர்நீத்தார். அத்துயர் தணியுமுன் கலிப்பகையார் போர்க்களத்தில் வீழ்ந்த செய்தி வந்தது. மணம் பேசப்பட்டவருக்கே தாம் உரியவர் என்று கருதிய திலகவதியார் தம் உயிரையும் விடத் துணிந்தார்.

அப்போது தம்பி மருணீக்கியார் அவர் அடிகளில் வீழ்ந்து, அன்னையும் தந்தையும் போன பின்னும் உம்மைக் காண்பதனால்தான் உயிரோடு இருக்கிறேன், நீரும் போவீராயின் உமக்கு முன்னே நான் போவேன் என்ற கருத்துப்பட அழுதார். தம்பி உயிர்வாழ வேண்டும் என்னும் இரக்கத்தால் திலகவதியார் தம் உயிரைத் தாங்கினார். இங்கு நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அவரை அந்நேரத்தில் காத்தது தத்துவம் அன்று; நீ எனக்கு வேண்டும் என்று ஓர் உயிர் கூறிய சொல். இதுவே ஆற்றுவித்தல்.

பின்னர் மருணீக்கியார் சமண சமயம் புகுந்து தருமசேனர் என்னும் பெயர் பெற்றார். தமக்கையார் தனித்தார். திருவதிகை வீரட்டானம் சென்று, அங்குத் திருக்கோயில் பணியை மேற்கொண்டார். திருவலகால் கூட்டுதல், சாணத்தால் மெழுகுதல், மலர் கொய்து மாலை தொடுத்தல் ஆகியவற்றை நாள்தோறும் செய்தார். பெற்றோர், மணமகனாக வரவிருந்தவர், பிரிந்து சென்ற தம்பி என்று அடுத்தடுத்து இழந்த ஒருவர் ஒவ்வொரு நாளும் துடைப்பத்தைக் கையில் எடுத்தார் என்பதை நாம் எளிய செய்தியாகக் கடந்துவிடலாகாது. கையற்ற நிலையிலிருந்து அவர் கை மீண்டது அவ்வாறுதான். அப்பணி ஒரு நாளில் முடிவதன்று. இன்று கூட்டிய முற்றத்தில் நாளையும் சருகு விழும். ஆகவே, நாள்களைக் கடத்துவதற்கு அது ஏற்ற பணியாயிற்று.

ஆண்டுகள் சென்றபின் தம்பி கொடிய சூலை நோயால் துன்புற்று, இரவில் அவர் வாயிலுக்கு வந்தார். திலகவதியார் திருநீறு அளித்தார். விடியுமுன் அலகும் சாணமும் நீர்த்தோண்டியும் எடுத்துக்கொண்டு வழக்கம்போல் தம் பணிக்குப் புறப்பட்டபோது தம்பியையும் உடனழைத்துச் சென்றார். அங்கு மருணீக்கியார் பாடத் தொடங்கினார், நாவுக்கரசர் ஆனார். தம் வேதனையை மறைக்காமல் இறைவனிடம் எடுத்துக்கூறுவதாகவே அவருடைய முதற்பதிகம் அமைந்தது. தமக்கையாரின் பணிநெறி தம்பியிடமும் தொடர்ந்தது. கோயில் முற்றத்துப் புல்லைச் செதுக்கும் உழவாரப்படையைக் கையில் ஏந்தியவராகவே அவர் திருவுருவம் இன்றும் அமைக்கப்படுகிறது. மனத்துயரால் தளர்ந்த தமக்கையும், உடல்நோயால் தளர்ந்த தம்பியும் கண்ட அமைதி, சிந்தனையோடு செயலும் சேர்ந்ததனால் பிறந்தது.

நம் நாடுகளில் நாம் காத்து வந்தவை

இம்மரபை நம் முன்னோர் கடல் கடந்து இங்கும் கொண்டுவந்தனர். மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களில் ஒரு லயத்தில் இறப்பு நேர்ந்தால் அண்டை வீட்டார் சோறாக்கிக் கொண்டுவந்தனர். பெண்கள் தோள்சேர்ந்து அமர்ந்து ஒப்பாரி வைத்தனர். இறந்தவர் யார், எவ்வூரிலிருந்து வந்தார், யாருக்கு என்ன செய்தார், யாரை விட்டுச் சென்றார் என்பனவெல்லாம் அதில் பாடப்பட்டன. ஏட்டறிவு பெறும் வாய்ப்பற்ற அப்பெண்கள் பாடியது கையறுநிலையே.

பதினாறாம் நாள் வரை நீளும் கிரியைகளையும் இவ்வகையில் நோக்கலாம். குடும்ப வழக்கிற்கேற்ப நாள்களும் முறைகளும் வேறுபடும். ஆயினும், செய்வதறியாது நிற்பவருக்கு இன்று இதனைச் செய், இத்தனையாம் நாள் அதனைச் செய் என்று அவை கூறுகின்றன. உறவினர் மீண்டும் மீண்டும் அவ்வீட்டிற்கு வரவும் காரணம் ஆகின்றன. ‘கருமம்’ என்பதற்கும் செயல் என்பதே பொருள்.

தமிழ் முஸ்லிம்களிடையே கணவனை இழந்த பெண் நான்கு மாதமும் பத்து நாளும் ‘இத்தா’ இருக்கிறார். துயருக்கு ஓர் எல்லையும் உரிய காலமும் அங்கு வகுக்கப்பட்டுள்ளன. தமிழ்க் கத்தோலிக்கர் நவம்பர் 2ஆம் நாள் கல்லறைகளைத் தூய்மை செய்து, மலர் சூட்டி, மெழுகுவத்தி ஏற்றுகின்றனர். சமயங்கள் வேறாயினும் காலமும் செயலும் துணையும் மூன்றிடத்தும் காணப்படுகின்றன.

இன்று நிலைமை மாறியுள்ளது. வீவக அடுக்குமாடிக் கீழ்த்தளத்தில் ஓரிரு நாள், பின்னர் மண்டாய் தகனச்சாலை, அதன்பின் வேலைக்குத் திரும்புதல் என்று துக்கத்தின் நாள்கள் சுருங்கிவிட்டன. வேலையும் இடவசதியும் இதற்குக் காரணம். யாரையும் குறைகூற இயலாது. பழைய முறைகளைக் குறைக்கும்போது, அவை செய்துவந்த உதவிக்கு மாற்றாக எதனை வைக்கிறோம் என்று நாம் கேட்டுக்கொள்ளவேண்டும்.

நாம் செய்யத் தக்கவை

துயருற்றிருப்பவர்க்கு நாம் பணிவோடு கூற விரும்புபவை சில.

முதலாவது, நாளில் ஒரு சிறு பொழுதை ஒதுக்கிக்கொள்க. கால்மணி நேரம் போதும். விளக்கின் முன்னரோ, வேதநூலின் முன்னரோ, சாளரத்தின் அருகிலோ ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் அமர்க. இறந்தவரின் பெயரை வாய்விட்டுச் சொல்க. அழுகை வந்தால் வரட்டும். மனம் இறைவனை நொந்துகொண்டால் அதனையும் கூறுக. துயருக்கு உரிய நேரம் ஒன்று அமைந்துவிட்டால், மற்ற நேரங்களில் அது சற்றே பொறுத்திருக்கக் கற்றுக்கொள்கிறது.

இரண்டாவது, கையால் செய்யும் ஒரு பணியை மேற்கொள்க. இறந்தவர் செய்துவந்த பணியாயின் மிக நன்று. அவர் வளர்த்த செடிக்கு நீர் ஊற்றலாம். அவர் வெள்ளிதோறும் கட்டிய மாலையைக் கட்டலாம். கோயில் உழவாரப் பணியிலோ முதியோர் இல்லத்திலோ வாரம் ஒருமுறை உதவலாம். சிறிய பணியாக இருத்தல் வேண்டும். நாள்தோறும் அல்லது வாரந்தோறும் திரும்ப வருவதாக இருத்தல் வேண்டும்.

மூன்றாவது, ஒருவரையேனும் உடன் வைத்துக்கொள்க. ‘எனக்கு ஆற்றவில்லை’ என்று கூறுவதில் இழிவு இல்லை. சில துயரங்கள் காலத்தாலும் தணிவதில்லை. வாரக்கணக்கில் உறக்கமும் உணவும் இல்லாமற்போனாலோ, உயிர்வாழ வேண்டா என்னும் எண்ணம் தோன்றினாலோ, உடனே மருத்துவரையோ மனநல ஆலோசகரையோ நாடுதல் வேண்டும். புண்ணுக்கு மருத்துவரை நாடுவதைப் போன்றதே இதுவும். இறைநம்பிக்கைக்கு அது முரணாகாது.

துயருற்றவரின் சுற்றத்தார்க்கும் ஒரு சொல். இறப்பு நாளில் அனைவரும் வருகின்றனர். பதினாறாம் நாளுக்குப் பின்னரே அவ்வீட்டில் வெறுமை சூழ்கிறது. நாற்பதாம் நாள், ஆறாம் மாதம், இறந்தவரின் பிறந்தநாள் ஆகியவற்றைக் குறித்து வைத்துக்கொண்டு ஒருமுறை சென்று வருக. அறிவுரை கூறவேண்டியதில்லை. உணவு கொண்டுசென்று உடனமர்ந்து உண்டாலே போதும். இறந்தவரைப் பற்றிப் பேசத் தயங்காதீர்கள்; அவர் பெயரைப் பிறர் வாயிலிருந்து கேட்பது உற்றார்க்கு இனியது.

முடிவாக

உட்லண்ட்ஸ் அன்பருக்குத் திரும்புவோம். அவருடைய தாயார் மாலைதோறும் விளக்கேற்றித் தேவாரப் பதிகம் ஒன்றைப் பாடும் வழக்கம் உடையவர். தாயார் இறந்து சில வாரங்கள் கழித்து, தம் வாடகை அறையில் அதே மாலை வேளையில் இவரும் ஒரு சிறு விளக்கை ஏற்றி அப்பதிகத்தைப் பாடத் தொடங்கினார். முதலில் இரண்டு அடிகளுக்கு மேல் குரல் எழவில்லை. உடன் தங்கியிருந்த சீன நண்பர் ஒருவர், மொழி அறியாதவராயினும், அவ்வேளையில் வந்து அருகில் அமர்ந்துகொள்வாராம். ஒன்றும் பேசுவதில்லை. ஒருநாள் இவர் பணி முடிந்து காலந்தாழ்ந்து வந்தபோது, அந்நண்பர் விளக்கில் எண்ணெய் ஊற்றி வைத்துக் காத்திருந்தாராம்.

2021 நவம்பர் 29ஆம் நாள், தடுப்பூசி போட்டுக்கொண்டோர்க்குத் தரைவழிப் பயணம் மீண்டும் தொடங்கியது. அதன்பின் இவர் ஜொகூர் பாரு சென்று, தாயாரின் படத்தின்முன் முதன்முறையாக நின்றார். அன்று அழுதீர்களா என்று கேட்டோம். “அழுதேன். அழுகை இன்னும் நிற்கவில்லை. ஆனால் அதற்கு ஒரு நேரம் வந்துவிட்டது, மற்ற நேரத்தில் என்னால் உறங்க முடிகிறது” என்றார்.

துயர்க்காலத்தில் உள்ளம் பெறும் அமைதி எத்தன்மையது என்பதற்கு இதனினும் தெளிவான விளக்கத்தை நாம் அறியோம். இழப்பு நீங்கவில்லை, அன்பும் குறையவில்லை. கொதித்தது ஆறியிருக்கிறது. அதற்கு வேண்டிய காலத்தை அவர் பொறுத்தார். வேண்டிய செயலை ஆற்றினார். வேண்டிய துணையாக ஒருவர் அருகில் அமர்ந்தார். இவ்வுரையைப் படிப்போர் தமக்குத் தெரிந்த துயருற்ற ஒருவரை நினைவுகூர்ந்து, இவ்வாரத்தில் ஒருமுறை அவர் வீட்டு வாயிலுக்குச் சென்று வருவாராயின், ‘ஆறுதல்’ என்னும் சொல் நம்மிடையே உயிரோடு இருக்கும்.